முள் மட்டும் வேலியாகாது

சென்ற பருவத்தில் இளங்கலை வகுப்பொன்றில் 'வேலி' என்ற சொல்லைப் பற்றிப் பேச நேர்ந்தது. தமிழில் இச்சொல் நிலத்தைச் சுற்றி நிற்கும் காவலையும் குறிக்கும். நிலத்தின் அளவொன்றையும் குறிக்கும். இருபது மா கொண்டது ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஆறரை ஏக்கருக்குச் சற்று மிகுதி. சோழர் காலக் கல்வெட்டுகளில் இவ்வளவுப் பெயரைப் பலமுறை காணலாம். அடைப்பதற்கும் அளப்பதற்கும் ஒரே சொல் அமைந்ததன் நயத்தை நாம் விளக்கிக்கொண்டிருக்கையில், பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, போன மாசம் எங்க தோட்டத்துக்கு முள்கம்பி போட்டோம். மாட்டை நிறுத்துறது முள்ளுதானே? அப்புறம் ஏன் ரெண்டு கம்பியை முறுக்கி வச்சிருக்காங்க? ஒத்தக் கம்பியில முள்ளு வச்சா எடை குறையும், காசும் குறையுமே?"

கம்பியை எடைபோட்டு வாங்கும் வீட்டிலிருந்து வந்த கேள்வி அது. நமக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றோம். அந்த ஒரு வாரத் தேடல் பல வாரங்களாக நீண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கப் புல்வெளிகளுக்கு நம்மை இட்டுச் சென்றது. முள்கம்பியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் முள்ளின் வரலாற்றையே எழுதியிருக்கின்றனர். ஆனால் வேலியை வேலியாக நிற்கச் செய்தது இழுப்பும் முறுக்கும் முடிச்சுமே என்பது, படிக்கப் படிக்க நமக்குத் தெளிவாயிற்று. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1862ஆம் ஆண்டில் அமெரிக்க ஒன்றியம் குடியேற்ற நிலச் சட்டத்தை இயற்றியது. ஐந்தாண்டுகள் குடியிருந்து உழுபவருக்கு 160 ஏக்கர் நிலம், சிறிய கட்டணம் தவிர வேறு விலையின்றிக் கிடைக்கும் என்றது அச்சட்டம். நம் கணக்கில் ஏறக்குறைய இருபத்து நான்கு வேலி. சதுரமாக அளக்கப்பட்ட இந்நிலத்தின் ஒரு பக்கம் அரை மைல். சுற்றளவு இரண்டு மைல். நிலம் கிடைத்தது, அதனை அடைக்க வழி கிடைக்கவில்லை. கிழக்கு மாநிலங்களில் காடு திருத்தியபோது விழுந்த மரமே வேலியாயிற்று. கற்கள் மிகுந்த இடங்களில் கல்லடுக்கே வேலியாயிற்று. மேற்கின் புல்வெளியிலோ மரமுமில்லை, கல்லுமில்லை. அந்நாட்டு வேளாண்மைத் துறை 1871ஆம் ஆண்டு எடுத்த கணக்கில், நாட்டிலுள்ள வேலிகளின் மொத்த மதிப்பு சுமார் 170 கோடி டாலர் என்று கண்டது. வேலி அன்று அத்துணைப் பெருஞ்செலவு.

அதற்கொரு மாற்றைக் காண முயன்றவர்களுள் ஒருவர் நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தந்தது. இல்லினாய்க் கல்லூரியில் இலக்கியமும் பேச்சுக்கலையும் கற்பித்த ஜோனதன் பால்ட்வின் டர்னர், ஒசேஜ் ஆரஞ்சு என்னும் முள்மரத்தை நெருக்கமாக நட்டு உயிர்வேலி அமைக்கலாம் என்று ஊர் ஊராகப் பரப்பினார். கிளுவையும் கள்ளியும் வைத்து வேலி வளர்த்த நம்மவர்க்கு இது புதிதன்று. குதிரை தாண்டாத உயரம், காளை உடைக்காத வலிமை, பன்றி நுழையாத நெருக்கம் என்று அவ்வேலியைப் புகழ்ந்தனர். குறைகளும் இருந்தன. அது வளர்ந்து பயன்தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், ஆண்டுதோறும் கழிக்கவேண்டும், இடம் மாற்ற இயலாது, பக்கத்து வரிசைப் பயிருக்கு நிழலாகும்.

இம்மரத்தின் பெயரில் ஒரு பழைய கதை ஒளிந்திருக்கிறது. ஒசேஜ் என்பது ஒரு தொல்குடியின் பெயர். அம்மக்கள் இம்மரத்தில் வில் செய்தனர். அதனால் பிரெஞ்சுக்காரர்கள் இதனை வில்மரம் என்றே அழைத்தனர். வளைத்து நாணேற்றினால் முறியாமல் இழுப்பைத் தாங்கும் மரம் அது. அதன் பெயருக்குரிய ஒசேஜ் மக்களோ 1870களின் தொடக்கத்தில் கான்சாஸிலிருந்த தம் நிலங்களை விட்டுத் தெற்கே நகர்த்தப்பட்டனர். அவர்கள் வில்லுக்குக் கொண்ட மரம், பிற்காலத்தில் முள்கம்பியைத் தாங்கும் வேலிக்காலாக நின்றது. மண்ணில் எளிதில் மக்காது என்பதே காரணம். யாருடைய நிலத்தை யார் அடைத்தார்கள் என்ற கேள்வியை இம்மரத்தின் பெயர் இன்றும் எழுப்புகிறது.

கம்பி வேலி முள்ளுக்கு முன்பே இருந்தது என்பதை இங்குக் குறிப்பிடவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே முள்ளற்ற வெறுங்கம்பியைக் கால்களில் கட்டிப் பார்த்தனர். அது இரு வகையில் தோற்றது. முதலாவது, மாடு அதன்மேல் உடம்பைத் தேய்த்துச் சாய்ந்து தளர்த்திவிடும். இரண்டாவது காரணம் மாட்டைச் சார்ந்ததன்று, பருவத்தைச் சார்ந்தது. இரும்பு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அரை மைல், அதாவது சுமார் 800 மீட்டர் நீளமுள்ள கம்பி, கோடைக்கும் பனிக்காலத்துக்கும் இடையே 50 பாகை செல்சியஸ் வேறுபாட்டைக் கண்டால், ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் நீள வேறுபாடு கொள்ளவேண்டும். ஒரு முழம்! இரு முனைகளும் அசையாக் கால்களில் கட்டப்பட்டிருக்க, அந்த ஒரு முழத்தைக் கம்பி எங்கிருந்து எடுக்கும்? குளிரில் அறும், அல்லது மூலைக்காலைச் சாய்க்கும், அல்லது தானே நிரந்தரமாக நீண்டு அடுத்த கோடையில் தொய்ந்து தொங்கும். தொய்ந்த கம்பியை எந்தக் கன்றும் மதிப்பதில்லை.

முள்ளைக் கண்டுபிடித்தவர் ஒருவரல்லர். 1867இல் ஓஹியோவைச் சேர்ந்த லூசியன் ஸ்மித் உரிமம் பெற்றார். அவருடையது கம்பியில் கோத்த சிறு உருளைகளில் கூர்முனைகளைச் செருகிய அமைப்பு. 1868இல் நியூயார்க்கின் மைக்கேல் கெல்லி, தகட்டு முட்களைக் கம்பியில் கோத்து 'முள்வேலி' என்றே உரிமம் பெற்றார். 1873இல் இல்லினாய் மாநிலத்தின் டிகால்ப் வட்டாரச் சந்தைக் கண்காட்சியில் ஹென்றி ரோஸ் என்னும் உழவர், முனைகள் பதித்த மரச்சட்டமொன்றைக் கம்பி வேலியில் தொங்கவிட்டுக் காட்டினார். அதன்முன் நின்று பார்த்தவர்களுள் மூவர் அவ்வூரினர்: உழவர் ஜோசப் கிளிடன், இரும்புச் சாமான் வணிகர் ஐசக் எல்வுட், மரக்கடைக்காரர் ஜேக்கப் ஹைஷ். மூவருக்கும் ஒரே எண்ணம் தோன்றியது: முள் சட்டத்தில் ஏன் இருக்கவேண்டும், கம்பியிலேயே இருக்கலாமே!

கிளிடன் அப்போது அறுபது வயதினர். முன்பு ஆசிரியராகவும் பணியாற்றியவர். வீட்டிலிருந்த காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரத்தை மாற்றியமைத்து, துண்டுக் கம்பியைச் சுருட்டி முள்ளாக்கினார் என்பர். முள் கிடைத்தாயிற்று, அதனைக் கம்பியில் நிறுத்துவதே சிக்கல். ஒற்றைக் கம்பியில் சுற்றிய முள் மாடு உரசியதும் வழுக்கி நகர்ந்துவிடும். ஒரு பருவத்துக்குள் எல்லா முட்களும் ஓரிடத்தில் குவிந்து, எஞ்சிய நீளம் வெறுங்கம்பியாகிவிடும். கிளிடன் கண்ட தீர்வு இரண்டாம் கம்பி. முள்ளை ஒரு கம்பியில் சுற்றி, மற்றொரு கம்பியை அதனோடு சேர்த்து முறுக்கினார். சாணைக்கல்லைச் சுழற்றும் கைப்பிடியைக் கொண்டே அம்முறுக்கை ஏற்றினாராம். இரண்டு கம்பிகளுக்கிடையே அகப்பட்ட முள் நகரவும் இல்லை, சுழலவும் இல்லை.

மாணவரின் கேள்விக்கு இது பாதி விடை. மீதிப் பாதி, கிளிடன் 1874 நவம்பர் 24 அன்று பெற்ற 157124 எண்ணுள்ள உரிமப் பத்திரத்திலேயே உள்ளது. பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடும் பகுதி அது. அவர் உரிமை கோரியது முள்ளையும் முறுக்கையும் மட்டுமன்று. வேலிக்காலைத் துளைத்துச் செல்லும் ஒரு முறுக்குச் சாவியையும் அவர் அதில் விவரிக்கிறார். கம்பிகளின் முனைகள் அச்சாவியில் மாட்டப்பட்டிருக்கும். நாளடைவில் முள் தளர்ந்தால் சாவியைத் திருகவேண்டும். முறுக்கு ஏறும், கம்பி விறைக்கும், முள் மீண்டும் இறுகும். வீணை வாசிப்போர் இதனை உடனே அறிந்துகொள்வர். வீணையின் பிருடை செய்யும் வேலையும் இதுவே. யாழில் நரம்பை வலித்துக் கட்டிய கட்டைத் திவவு என்றனர் நம் புலவர்கள். முள்கம்பியின் மூலப் பத்திரத்தில் ஒரு பிருடை இருந்தது என்பதைப் படித்தபோது நாம் வியந்தோம்.

அச்சாவி நிலைக்கவில்லை. ஆலையில் எந்திரங்களே இறுக முறுக்கிச் சுருளாக அனுப்பத் தொடங்கியபின், வேலிக்காலில் அதற்குத் தேவை இல்லாது போயிற்று. முறுக்கு மட்டும் தங்கியது. அதனோடு வேறொரு நன்மையும் தங்கியது. முறுக்கிய கம்பி நேர்க்கம்பியைப் போல விறைத்து நிற்பதன்று. சுருள்வில்லின் இயல்பு சிறிதளவு அதற்குண்டு. குளிரில் இழுப்பு மிகும்போது முறுக்கு சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். வெயிலில் மீண்டும் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். மேலே கேட்டோமே, அந்த ஒரு முழம் எங்கிருந்து வரும் என்று? அதில் ஒரு பங்கு இங்கிருந்து வந்தது. ஆகவே இரண்டாம் கம்பி வீண் எடையன்று. முள்ளை நிறுத்துவதும் அதுவே. பருவ மாற்றத்தில் இழுப்பைக் காப்பதும் அதுவே.

இந்த இசைத் தொடர்பு வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. எல்வுட் 1874இலேயே 265 டாலருக்குக் கிளிடனின் உரிமையில் பாதியை வாங்கினார். மற்றப் பாதியைக் கிளிடன் 1876இல், 60,000 டாலரும் விற்பனைப் பங்கும் பெற்றுக்கொண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்து வுஸ்டர் நகரின் வாஷ்பர்ன்-மோயன் ஆலைக்கு விற்றார். அவ்வாலையைத் தோற்றுவித்த இக்கபாட் வாஷ்பர்ன், 1850களில் பியானோவுக்கு நரம்புக்கம்பி செய்து பெயர்பெற்றவர். இழுத்தால் அறாத எஃகுக் கம்பியை வார்க்கக் கற்ற பட்டறை அது. இசைக்கருவிக்காகத் தேர்ந்த கைத்திறன் மாட்டுவேலிக்குப் பயன்பட்டது. 1874இல் அந்நாட்டில் செய்த முள்கம்பி வெறும் 10,000 பவுண்டு. 1880இல் அது எட்டுக் கோடி பவுண்டைத் தாண்டியது. நூறு பவுண்டு எடையின் விலை 20 டாலரிலிருந்து, 1897இல் இரண்டு டாலருக்கும் கீழே இறங்கியது.

பணம் பெருகிய இடத்தில் வழக்கும் பெருகுமன்றோ? கிளிடனின் உரிமத்தை எதிர்த்த வழக்குகள் பல்லாண்டு நீண்டன. 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. முன்னவர் பலர் அருகில் வந்திருந்தும், முயற்சியைப் பயனாக மாற்றிய இறுதி அடியை எடுத்துவைத்தவர்க்கே உரிமை என்பது அதன் சாரம். கெல்லிக்கும் கிளிடனுக்கும் இடையில் இருந்த அந்த ஓரடி, முள்ளைச் சுற்றிப் பிணைத்த முறையே. தீர்ப்பு வந்தபோது பதினேழாண்டு உரிமக்காலம் முடிந்தே போயிருந்தது.

இனி, சுருளாக வந்த கம்பி நிலத்தில் எவ்வாறு வேலியாகிறது என்பதைக் காண்போம். கம்பி வேலி கட்டும் எந்தக் கைவினைஞரும் முதலில் பார்ப்பது மூலையைத்தான். இன்று புழங்கும் உறுதியான எஃகுக் கம்பி ஒன்றைச் சுமார் 110 கிலோ அளவுக்கு இழுத்துக் கட்டுகின்றனர். ஐந்து வரிசை என்றால் அரை டன்னுக்கு மேல். அவ்வளவு இழுப்பும் ஓய்வின்றி, இரவும் பகலும், மூலைக்காலின்மேல் நிற்கிறது. எனவே மூலைக்காலைத் தனியே விடுவதில்லை. சில அடி தள்ளி உட்புறம் இன்னொரு காலை நட்டு, இரண்டின் தலைக்கும் இடையே குறுக்குச் சட்டம் வைப்பர். பின்னர் மூலைக்காலின் அடியிலிருந்து உட்காலின் தலைக்குச் சாய்வாகக் கம்பியை இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குவர். வேலி மூலையை உள்ளே இழுக்கும்; சட்டம் அதனை எதிர்த்துத் தள்ளும்; சாய்வுக் கம்பி உட்காலின் தலையைப் பற்றி நிறுத்தும். இங்கும் விறைப்பைத் தருவது முறுக்குதான்.

முடிச்சின் இலக்கணமும் எளியதன்று. கம்பியின் முனையை மூலைக்காலைச் சுற்றிக் கொண்டுவந்து, இழுப்பில் நிற்கும் அதே கம்பியின்மேல் நெருக்கமாகப் பல சுற்றுச் சுற்றி முடிக்கவேண்டும். இழுக்க இழுக்க இறுகும் கட்டு அது. இடைக்கால்களிலோ முறை வேறு. அங்கு அடிக்கும் வளைந்த ஆணியை முழுதும் உள்ளே அறையக்கூடாது. கம்பி வழுக்கிச் செல்ல மயிரிழை இடைவெளி விடவேண்டும். புதியவர்கள் செய்யும் முதற்பிழை இங்குதான். உறுதி வேண்டுமென்று ஒவ்வொரு காலிலும் கம்பியை நசுக்கி அறைந்துவிடுவர். அப்போது ஓரிடத்தில் மாடு மோதினால், அந்த இழுப்பை முழு வேலியும் பகிர்ந்துகொள்ள இயலாது. இரு கால்களுக்கிடைப்பட்ட சிறு துண்டே தாங்கி அறும். மூலையில் பற்றவேண்டும், இடையில் விடவேண்டும். கம்பி வேலியின் தொழில்நுட்பம் பெரும்பாலும் இவ்வளவே.

கம்பியில் ஏறிய இழுப்பு மக்களிடையிலும் ஏறியது. டெக்சாஸ் மாநிலத்தில் மந்தைக்காரர்கள் நெடுங்காலமாகத் திறந்த புல்வெளியில் மாடு மேய்த்து வந்தனர். பெருநிலக்காரர்களும் நிறுவனங்களும் முள்கம்பி இட்டபோது, தம் நிலத்தோடு பொதுநிலத்தையும் நீர்நிலைகளையும் பாதைகளையும் சேர்த்து அடைத்தவர் உண்டு. பயிரைக் காக்க வந்த வேலியே பயிரை மேய்ந்த கதை. 1883இன் வறட்சியில் நீரும் புல்லும் அரிதாக, இரவில் வேலி வெட்டும் கூட்டங்கள் எழுந்தன. ஆந்தைகள், நீலப் பேய்கள் என்றெல்லாம் அவை பெயர் சூட்டிக்கொண்டன. மாநிலத்தில் அமைந்திருந்த வட்டாரங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் வேலி வெட்டு நடந்தது. உயிர்களும் போயின. அவ்விலையுதிர் காலத்துக்குள் சேதம் இரண்டு கோடி டாலர் என்று மதிப்பிட்டனர்.

ஆளுநர் ஜான் அயர்லாந்து 1884 ஜனவரியில் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். வேலி வெட்டுதல் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய பெருங்குற்றமாயிற்று. பொதுநிலத்தையோ பிறர் நிலத்தையோ அடைத்ததும் குற்றமாயிற்று. அத்தகைய வேலிகளை ஆறு மாதங்களுக்குள் அகற்றவேண்டும். பொதுவழியைக் குறுக்கிடும் வேலியில் மூன்று மைலுக்கு ஒரு வாயில் வைக்கவேண்டும் என்றும் விதித்தனர். வெட்டியவருக்குப் பெருந்தண்டனை, மிகையாக அடைத்தவருக்குச் சிறுதண்டனை என்பது இச்சட்டத்தின் ஓரவஞ்சனை. ஆயினும் வாயில் வேண்டும் என்று எழுதியதற்காகவேனும் அதனை நினைவுகூரலாம்.

வாயில் இல்லாத வேலி என்ன செய்யும் என்பதை மாடுகள் தம் உயிரால் காட்டின. வடக்கிலிருந்து தம் மேய்ச்சலுக்குள் இறங்கும் மந்தைகளைத் தடுக்க, டெக்சாஸின் வடமுனை மந்தைக்காரர்கள் 1880களின் முதற்பாதியில் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 200 மைல் நீளத்துக்கு வேலியிட்டனர். 1885-86 பனிக்காலத்தில் கடும் பனிப்புயல்கள் வீசின. புயலுக்கு முதுகு காட்டித் தெற்கே நகர்வது மாட்டின் இயல்பு. நகர்ந்த மந்தைகள் அவ்வேலியில் முட்டி நின்றன; பின்வந்தவை முன்னின்றவற்றை நெருக்கின. ஆயிரக்கணக்கில் அங்கேயே விறைத்து மாண்டன. அன்று வேலி அறவில்லை, நன்றாகவே கட்டியிருந்தார்கள்.

வெட்டிய வேலியை மீண்டும் சேர்ப்பது எப்படி என்ற கேள்வி இங்கு எழும். இழுப்பிலிருந்த கம்பி நடுவில் அறுந்தால் இரு முனைகளும் துள்ளி விலகும். வெறுங்கையால் அவற்றை ஒன்றுசேர்த்து, முன்னிருந்த விறைப்போடு முடிச்சிட இயலாது. இதற்கு நல்ல கருவி பிறந்தது உலகின் மறுகோடியில், நியூசிலாந்தில். அங்குக் காக்கவேண்டியவை பெரும்பாலும் செம்மறிகள். முள் அவற்றின் கம்பளியைக் கெடுக்கும் என்பதால் எட்டாம் எண் வெறுங்கம்பியே அங்கு அன்று பெருவழக்காக இருந்தது. முள்ளின் துணை இல்லாத வேலிக்கு இழுப்பு ஒன்றே பலம்.

மத்திய ஒடாகோ பகுதியின் ஒட்டுரெஹுவா என்னும் சிற்றூரில் எர்னஸ்ட் ஹேய்ஸ் ஒரு பட்டறை வைத்திருந்தார். இங்கிலாந்திலிருந்து குடியேறி, மாவு ஆலைத் தொழிலிலிருந்து கருவி செய்யும் தொழிலுக்கு வந்தவர். 1924இல் அவர் உரிமம் பெற்ற இணைக்கம்பி இழுவைக் கருவி, அறுந்த கம்பியின் இரு முனைகளையும் இரு பற்றுக்குறடுகளால் பிடித்துக்கொள்ளும். நடுவில் சங்கிலி. கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தால் கருவி சங்கிலியின்மேல் கண்ணி கண்ணியாக நடந்து முனைகளை நெருக்கும். போதிய இழுப்பு வந்ததும் கை ஓய்வாக இருக்கும். முடிச்சைப் பொறுமையாக இட்டுவிட்டுக் கருவியைக் கழற்றிக்கொள்ளலாம். அப்பட்டறையின் தொடக்க நாட்களில், எர்னஸ்டின் மனைவி ஹன்னா மிதிவண்டியேறிப் பண்ணை பண்ணையாகச் சென்று, கணவர் செய்த கருவிகளுக்கு ஆணை திரட்டி வந்தார். அப்பட்டறை இன்று அந்நாட்டின் மரபுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. துப்பாக்கிக்கும் வழக்குக்கும் பெயர்பெற்ற வேலி வரலாற்றில், அறுந்ததை இணைக்கும் கருவியைச் சுமந்து மிதிவண்டியில் சென்ற அம்மையாரை நாம் தனியே வணங்கத் தோன்றுகிறது.

இவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு வகுப்புக்குச் சென்றோம். இரண்டாம் கம்பி ஏன் என்பதை விளக்கினோம். மாணவர் கேட்டுக்கொண்டார். பின்னர், தம் தோட்டத்தில் கட்டிய ஐந்து வரிசைக் கம்பியில் இரண்டு அதற்குள் தொய்ந்துவிட்டதாகவும், காரணம் முள்ளோ கம்பியோ அல்ல, மூலைக்கல்லுக்கு முட்டுக் கொடுக்காததே என்று தம் தந்தையார் சொன்னதாகவும் கூறினார். நாம் பல வாரம் படித்துக் கண்டதை அப்பெரியவர் தொய்ந்த கம்பியைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

வரலாறு உரிமம் பெற்றவர்களின் பெயர்களைக் காத்து வைத்திருக்கிறது. முடிச்சிட்ட கைகளின் அறிவு இப்படித்தான், தோட்டத்தின் மூலையில் நின்று தந்தை மகனுக்குச் சொல்லும் சொல்லாக வந்து சேர்கிறது. அடுத்த விடுமுறையில் அக்கல்லுக்கு முட்டுக் கொடுக்கப்போகிறார்களாம். நம்மையும் வந்து பார்க்க அழைத்திருக்கிறார்கள்.